சோற்றுக்கை

யுகேந்திரன் என் கடையில் சாப்பிட ஆரம்பித்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஒரு சில நாளைத் தவிர்த்தால், இத்தனை நாளில் அவன் என்னிடம் பேசிய பேச்சை எல்லாம் சேர்த்தாலும் ஒரு சாப்பாட்டு நேரத்துக்குக் காணாது. வருவான், மின்விசிறிக்குக் கீழே இருக்கிற மூலை மேசையில் சுவரைப் பார்த்து உட்காருவான், "அக்கா, சோறு" என்பான். என்ன குழம்பு, என்ன கூட்டு என்று கேட்க மாட்டான். வைத்ததைத் தின்றுவிட்டு இலையை மடித்துவிட்டு எழுந்து போவான். ஒருநாள் வேண்டுமென்றே உப்புப் போடாத ரசத்தை ஊற்றிப் பார்த்தேன். அதையும் குடித்துவிட்டு "வரேங்க்கா" என்று போய்விட்டான். இப்படி ஒரு மனுஷனோடு யார்தான் சண்டை போட முடியும்?

என் பெயர் செல்லம். கூலாய் பஸ் நிலையத்துக்குப் பின்னால் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறேன். எனக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும், நானும் மறுப்பதில்லை. வாயைத் திறக்காத ஆளைக் கண்டால் எனக்கு அன்றைக்கெல்லாம் வேலை ஓடாது.

யுகேந்திரன் ரெங்கம் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவன். முப்பத்து நாலு வயது. செனாயில் ஒரு தொழிற்சாலைக் கிடங்கில் போர்க்லிப்ட் ஓட்டுகிறான். காதைப் பஞ்சு வைத்து அடைத்துக்கொண்டு நாளெல்லாம் அந்த வண்டிக்குள் தனியாக உட்கார்ந்து பெட்டிகளை ஏற்றி இறக்குவான். அங்கே பேச்சுக்கு வேலை இல்லை. வீட்டுக்குப் போனாலும் இல்லை, வீட்டில் ஆள் கிடையாது.

மனைவி சாந்தினி பத்து பாகாட் ஊர்க்காரி. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்கே திரும்பிப் போய்விட்டாள். அடி, குடி, வேறு பெண் சகவாசம் என்று எதுவும் இல்லை. போவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் சாப்பாடு தப்பாவ் பண்ண வந்தவளிடம், "ஏம்மா முகம் செத்துப் போயிருக்கு?" என்று கேட்டேன். கட்டிக் கொடுத்த பொட்டலத்தை வாங்கிப் பையில் வைத்தாள். பிறகு, "அவரோட இருக்கிறதும் தனியா இருக்கிறதும் ஒன்னுதான்க்கா. தனியாவே இருந்துட்டா, இப்ப பேசுவாரு அப்ப பேசுவாருன்னு காத்துக்கிட்டாவது இருக்க வேணாம்ல" என்றாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் கிளம்பிப் போன அந்த வாரமே இவன் என் கடை மூலையில் வந்து உட்கார்ந்தான். இவனையும் வெறுக்க முடியவில்லை.

மகள் லோஷினிக்கு மூன்று வயது. மாதத்தில் இரண்டு ஞாயிறு அவள் அப்பாவோடு இருக்கலாம். கோர்ட்டுக்குப் போய் வாங்கிய உத்தரவு அல்ல, பெரியவர்கள் உட்கார்ந்து பேசி வைத்த ஏற்பாடு. பத்து பாகாட்டுக்கும் கூலாய்க்கும் நடுவில் ஆயர் ஈத்தாமில் ஒரு பெட்ரோல் நிலையம் இருக்கிறது. காலையில் அங்கே பிள்ளையை வாங்கிக்கொள்ள வேண்டும், பொழுது சாய்வதற்குள் அங்கேயே ஒப்படைக்க வேண்டும். சாந்தினியின் அண்ணன் கமலநாதன்தான் காரில் கூட்டி வருவான். முதல் நாளே சொல்லிவிட்டானாம்: "புள்ள மேல ஒரு கீறல் பட்டுச்சின்னா அதோட சரி. அப்புறம் ஞாயிறும் கெடையாது, ஒன்னும் கெடையாது." அதற்குப் பிறகு அவன் காரைவிட்டு இறங்கியதே இல்லை. சாந்தினி இறங்கி வந்து "சாப்புட்டாளா?" என்று கேட்பாள். இவன் "ம்" என்பான். ஒரு வருஷமாகப் புருஷன் பெண்டாட்டிக்குள் நடந்த பேச்சு இவ்வளவுதான்.

ஆனால் அந்த இரண்டு ஞாயிறும் இவனுக்கு எங்கிருந்தோ வாய் முளைத்துவிடும். தேய்த்த சட்டையும் கையில் பிள்ளையுமாக உள்ளே வரும்போதே, "என்னக்கா கொழம்பு இன்னிக்கு? காரம் கம்மியா இருக்கா?" என்று கேட்பான். சுவரைப் பார்த்து உட்கார மாட்டான். நடு மேசையில், எல்லாரும் பார்க்கிற மாதிரி உட்காருவான். எனக்கே வேறு யாரோ வந்திருக்கிற மாதிரி இருக்கும்.

நான் சொல்ல வந்த ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட வருவதற்கு முன்னால் பிள்ளையின் காலுக்குச் சப்பாத்து வாங்கப் பேரங்காடிக்குக் கூட்டிப் போயிருக்கிறான். வாங்கி முடித்து வெளியே வந்தால் வாசலில் படிகள். லோஷினிக்குப் படியைக் கண்டால் ஒரு விளையாட்டு ஞாபகம் வந்துவிடும். அப்பா ஒரு கையையும் அம்மா ஒரு கையையும் பிடித்துக்கொண்டு "ஒன்னு, ரெண்டு, மூனு" என்று எண்ணி, மூன்றாவதில் அவளை அப்படியே தூக்கிப் படியைத் தாண்டி இறக்கிவிட வேண்டும். மூன்று பேரும் சேர்ந்து இருந்த காலத்தில் பழகியது. அன்றைக்கும் வலது கையை அவனிடம் கொடுத்துவிட்டு இடது கையை வெறும் காற்றில் நீட்டிக்கொண்டு நின்றாளாம். யாராவது வந்து பிடிப்பார்கள் என்ற மாதிரி.

"இன்னொரு நாளைக்கு, லோஷி" என்று சொல்லிப் பார்த்திருக்கிறான். அவள் கையை இறக்கவில்லை. இவனுடைய மறு கையில் சப்பாத்துப் பை. எண்ணினான். பிடித்திருந்த ஒரு கையிலேயே அவளைத் தூக்கி இறக்கினான். "ஆ" என்று கத்திவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். பயந்துவிட்டாள் போல என்று தூக்கிச் சமாதானம் பண்ணினான். கொஞ்ச நேரத்தில் அழுகை நின்றது. நின்றதும் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டான்.

பிறகு என் கடைக்கு வந்தார்கள். பெரிய இலையில் அவனுக்கும் சின்ன இலையில் அவளுக்கும் சோறு வைத்தேன். லோஷினி இடது கையால் சோற்றை எடுத்தாள்.

"லோஷி, சோத்துக் கை" என்றான்.

அவள் மறுபடியும் இடது கையால் எடுத்தாள்.

"அந்தக் கை இல்ல. சோத்துக் கையால சாப்புடு."

உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, திரும்பவும் அதே கை. அவன் குரல் உயர்ந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "சொல்றது காதுல விழலயா? இதத்தான் ஒங்கம்மா அங்க பழக்கி வச்சிருக்காளா?" என்று கத்தினான். கடையே திரும்பிப் பார்த்தது.

அவனுக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று பிறகுதான் எனக்குப் புரிந்தது. அந்தப் பிள்ளைக்கு அவனாக உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தது ஒன்றே ஒன்றுதான். சோற்றை எந்தக் கையால் பிசைவது, எப்படி உருட்டி வாயில் போடுவது. மற்றதெல்லாம் அம்மா கொடுத்தது. அந்த ஒன்றும் பத்து பாகாட்டில் அழிந்துபோயிற்று என்று நினைத்துவிட்டான். அவள் வலது கையைப் பிடித்து இலைமேல் வைக்கப் பார்த்தான். பிள்ளை வீறிட்டாள்.

நான் அப்பளக் கூடையோடு ஓடினேன். அப்பளம் என்றால் அவளுக்கு உயிர். வலது பக்கமாக ஓர் அப்பளத்தை நீட்டினேன். கண் அப்பளத்தைப் பார்க்கிறது, வாயில் எச்சில் ஊறுகிறது, ஆனால் பக்கத்தில் இருக்கிற கை வரவில்லை. இடது கை நெஞ்சைத் தாண்டி வந்து வாங்கியது. வலது கை லேசாக மடங்கி, உள்ளங்கை கீழே பார்க்க, இடுப்போரம் தொங்கிக்கொண்டிருந்தது.

"டேய், கண்ணத் தொறந்து பாருடா" என்றேன். "புள்ள முடியாம தூக்க மாட்டேங்குது. நீ என்னமோ பழக்கம், பழக்கமின்னு கத்துற!"

அவன் குனிந்து அந்தக் கையைப் பார்த்தான். "சுளுக்காக்கா? யாராச்சும் உருவி விடுவாங்களா?"

"உருவுறதும் வேணாம், கிருவுறதும் வேணாம். எதுத்தாப்புல கிளினிக் தொறந்திருக்கு. ஓடு!"

இலையில் கை வைக்காமலே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினான். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை விட்டுவிட்டு என்னால் போக முடியவில்லை. படியில் நடந்ததும் இதற்கு மேல் நடந்ததும் எல்லாம் மறுநாள் அவனே சொன்னது. அவன் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசி நான் பார்த்ததே இல்லை.

கிளினிக்கில் இருந்தவர் டாக்டர் ஷப்னம். சின்ன வயது, நம் தமிழ் முஸ்லிம் பெண். பிள்ளையைப் பார்த்ததுமே, "கையைப் புடிச்சு யாராச்சும் இழுத்தீங்களா?" என்று கேட்டிருக்கிறார்.

"இல்ல டாக்டர். விழுந்துட்டா" என்றான்.

பொய் சொல்லிப் பழக்கம் உள்ளவன் அல்ல. ஆனால் அந்த நேரம் அவன் கண்ணுக்குக் கமலநாதன்தான் தெரிந்தான். பிள்ளை விழுவது எங்கேயும் நடக்கிறதுதான். அப்பன் கையைப் பிடித்து இழுத்தான் என்றால் அது வேறு. ஞாயிறு போய்விடும்.

டாக்டர் யோசித்தார். "இழுத்ததுன்னா சின்ன விஷயம். மூட்டு லேசா நழுவியிருக்கும், இப்பவே திருப்பி விட்டுடலாம். நீங்க விழுந்துட்டான்னு சொல்றீங்க. அப்படின்னா எலும்பு உடைஞ்சிருக்கலாம். உடைஞ்ச கையை நான் திருப்பக் கூடாது. எக்ஸ்ரே இங்க இல்ல. முதல்ல ஸ்கேன்ல பாத்துடறேன்."

ஸ்கேன் என்றால், கர்ப்பிணிப் பெண்களுக்கு வயிற்றில் வைத்துப் பார்க்கிறார்களே அதே இயந்திரம்தான். பிடித்துத் தேய்க்கிற கருவிதான் வேறு மாதிரி இருந்ததாம். அந்தச் சாம்பல் நிறத் திரை இவனுக்குப் புதிதல்ல. லோஷினியை அவன் முதன்முதலாகப் பார்த்தது அப்படி ஒரு திரையில்தான். அன்றைக்குச் சாந்தினி அவன் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கு மடியில் பிள்ளை அழுகிறது, பக்கத்து நாற்காலி காலி.

டாக்டர் முதலில் நல்ல கையில் குழம்பு மாதிரி எதையோ தடவி, "பாரு கண்ணு, ஐஸ்கிரீம். வலிக்கல, இல்ல?" என்று சிரிக்க வைத்திருக்கிறார். அந்த முழங்கையைத் திரையில் பார்த்து வைத்துக்கொண்டு, பிறகு வலிக்கிற கைக்கு வந்திருக்கிறார்.

"இங்க பாருங்க. இந்த வெள்ளைக் கோடு எலும்பு. முழங்கைக்குப் பின்னாடி இந்தக் குழியில இருக்கிறது கொழுப்பு. எலும்பு உடைஞ்சிருந்தா உள்ள ரத்தம் கட்டி இந்தக் கொழுப்பை மேல தள்ளியிருக்கும். தள்ளவே இல்ல. ரெண்டு கையும் ஒரே மாதிரி இருக்கு."

பிறகு கருவியை முன்பக்கம் கொண்டுவந்தார். அங்கே நிறுத்திவிட்டார்.

"இங்கதான் வித்தியாசம். இந்தக் கையில தசை மூட்டுக்குள்ள இழுபட்டு மாட்டிக்கிட்டு இருக்கு. அந்தக் கையில அப்படி இல்ல. விழுந்தா பெரும்பாலும் இப்படி ஆகாது." திரையிலிருந்து திரும்பி அவனைப் பார்த்தார். "சார், நான் போலீஸ் இல்ல. என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சாத்தான் நான் கை வைக்க முடியும்."

"நான்தான் டாக்டர்" என்றான். "படியில தூக்குனேன்."

"ரெண்டு கையையும் புடிச்சா?"

"ஒரு கை."

"ஏன் ஒரு கை?"

"அது ரெண்டு பேர் தூக்குற வெளயாட்டு டாக்டர். இன்னொரு கையைப் புடிக்க ஆள் இல்ல."

இதை என்னிடம் சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. எனக்குத்தான் தாங்கவில்லை. பருப்புச் சட்டியைக் கிளறுகிற மாதிரி திரும்பிக்கொண்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அதைக் கேட்டதும் டாக்டர் வேலையைத் தொடங்கிவிட்டாராம். ஒரு கையால் பிள்ளையின் முழங்கையைத் தாங்கிப் பிடித்து, மறு கையால் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பினார். உள்ளே ஏதோ சொடுக்கு விழுந்தது. ஒரு கத்து கத்தினாள், அவ்வளவுதான். கொஞ்ச நேரம் கழித்து டாக்டர் ஒரு பலூனை வலது பக்கம் உயரத் தூக்கிக் காட்டினார். லோஷினி அண்ணாந்து பார்த்தாள், பிறகு வலது கையை நீட்டிப் பிடுங்கிக்கொண்டாள். யுகேந்திரன் அந்த அறையிலேயே அழுதிருக்கிறான்.

"இந்த வயசுல இது நெறைய நடக்கிறதுதான், பயப்படாதீங்க" என்றார் டாக்டர். "ஆனா ஒருதரம் நழுவுன மூட்டு சுலபமா மறுபடியும் நழுவும். கையைப் புடிச்சுத் தூக்கவே கூடாது. ஒருத்தர் தூக்குனாலும் கூடாது, ரெண்டு பேர் தூக்குனாலும் கூடாது. கக்கத்துல கை குடுத்துத் தூக்குங்க. அம்மாகிட்டயும் இன்னிக்கே சொல்லிடுங்க."

"சொல்றேன் டாக்டர்" என்றான்.

ஆனால் நெடுஞ்சாலையில் ஏறியதும் மனசு மாறிவிட்டது. பின்னால் குழந்தை இருக்கையில் லோஷினி பலூனைக் கட்டிப்பிடித்துத் தூங்குகிறாள். கட்டு இல்லை, வீக்கம் இல்லை, கீறல் இல்லை. சொன்னால் மாதத்தில் இருக்கிற இரண்டு நாளும் போகும். சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? கொஞ்ச நாள் போகட்டும், பிறகு மெல்லச் சொல்லிக்கொள்ளலாம். சிம்பாங் ரெங்கம் தாண்டுவதற்குள் முடிவு பண்ணிவிட்டான். சொல்வதில்லை. தூக்கத்தில் இருக்கிற பிள்ளையைக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து ஓட்டிக்கொண்டு போனான்.

ஆயர் ஈத்தாமில் சாந்தினி டயருக்குக் காற்றடிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். கமலநாதன் வழக்கம்போல் காருக்குள். லோஷினி விழித்துக்கொண்டு துள்ளி இறங்கினாள்.

"சாப்புட்டாளா?"

ஒரு வருஷமாக "ம்" சொன்ன ஆள் அன்றைக்கு "ம்" சொல்லவில்லை. அழுததில் உள்ளே என்ன இளகியதோ, பேச வந்துவிட்டது. "கொஞ்சமாத்தான் சாப்புட்டா. அப்பளம் தின்னா. சப்பாத்து வாங்கிக் குடுத்தேன், அவதான் நெறம் பாத்து எடுத்தா. அளவு கொஞ்சம் பெருசு, ஆனா ரொம்ப நாள் போடலாம்."

சாந்தினி அவனை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குனிந்து சப்பாத்தைப் பார்த்தாள். "அழகா இருக்கு" என்றாள். நிமிர்ந்து, "நீங்க சாப்புட்டீங்களா?" என்றாள்.

அந்தக் கேள்வியை அவள் கேட்டு எவ்வளவு காலம் ஆயிற்று! இவன் பதில் சொல்வதற்குள் லோஷினி இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றுவிட்டாள். இடது கையால் அப்பா கையையும் வலது கையால் அம்மா கையையும் பிடித்துக்கொண்டாள். எதிரே பெட்ரோல் நிலையக் கடைக்கு ஒரு படி.

"ஒன்னு ரெண்டு மூனு!" என்றாள்.

சாந்தினி சிரித்துவிட்டாள். "சரி, ஒரே ஒரு தடவ" என்றாள். பிள்ளையின் தலைக்கு மேலே அவனைப் பார்த்தாள். "ஒன்னு" என்று எண்ணினாள். "ரெண்டு" என்றாள்.

"அக்கா, ஒரு வருஷமா நான் அதத்தான் கனா கண்டுக்கிட்டு இருந்தேன்" என்றான் என்னிடம். "அதே மாதிரி நடக்குது. அவ சிரிச்சுக்கிட்டே எண்ணுறா. என் கையில புள்ள கை இருக்கு."

ஆனால் அவள் மூன்று எண்ணுவதற்குள் அவன் கையை உதறிவிட்டுக் கத்தினான். "தூக்காத! சாந்தினி, கைய விடு!"

பெட்ரோல் அடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். சாந்தினியின் சிரிப்பு போய்விட்டது. கார்க் கதவைத் திறந்துகொண்டு கமலநாதன் இறங்கினான்.

இவன் ஒன்றையும் மறைக்கவில்லை. பேரங்காடிப் படி, சோற்றுக்கை, கத்தியது, டாக்டரிடம் சொன்ன பொய், திரையில் தெரிந்தது, டாக்டர் சொல்லி அனுப்பியது எல்லாவற்றையும் நின்ற இடத்திலேயே சொன்னான். சாந்தினி குந்தி உட்கார்ந்து மகளின் முழங்கையை மெல்லத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"இப்ப நான் தூக்கியிருந்தா?"

"மறுபடியும் நழுவியிருக்கும்."

"அவ கையைப் புடிக்கலன்னா, சொல்லாமயே அனுப்பியிருப்பீங்க."

"ஆமா" என்றான்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றான். கமலநாதன்தான், "போதும்டா சாமி. இனிமே ஞாயிறும் கெடையாது, ஒன்னும் கெடையாது. சாந்தினி, வண்டில ஏறு" என்றான். அவள் அண்ணனை மறுத்து ஒரு வார்த்தை சொல்வாள் என்று இவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான். அவள் பிள்ளை பக்கம் திரும்பினாள். பிள்ளையின் கையைப் பிடித்துத் தூக்கக் குனிந்தவள் ஒரு நிமிஷம் தயங்கி, கையை எடுத்து இரண்டு கக்கத்துக்கும் கீழே கொடுத்துத் தூக்கினாள்.

இது நடந்து இரண்டு மாதம் ஓடிவிட்டது. பத்து பாகாட்டிலிருந்து ஒரு சேதியும் இல்லை. நானே சாந்தினிக்குப் போன் அடித்துப் பேசுகிறேன் என்றேன். "வேணாங்க்கா, அவ யோசிக்கட்டும்" என்றுவிட்டான். ஞாயிற்றுக்கிழமை வந்தால் தேய்த்த சட்டையோடு வந்து மூலை மேசையில் சுவரைப் பார்த்து உட்காருகிறான். போன ஞாயிறு எனக்குப் பொறுக்கவில்லை. அவன் இலையில் அப்பளத்தை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன்.

"அட அலமாக், எல்லாத்தையும் சொன்ன, ஒன்ன மட்டும் சொல்லலயேடா" என்றேன். "வண்டி கெளம்புறப்ப புள்ள ஒன்னத் திரும்பிப் பாத்துச்சா?"

"பாத்தாக்கா. பின்னாடிக் கண்ணாடி வழியா டாட்டா காட்டுனா."

"எந்தக் கையால?"

அவன் அப்பளத்தைத் தொடவில்லை. இலையை மடித்தான்.

"சோத்துக் கையாலதான்க்கா" என்றான்.